சுற்றாத சேவலுக்குக் கூரை எதற்கு?

லார்ட்ஸ் மைதானத்தில் நடக்கும் டெஸ்ட் மேட்சை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அந்தக் கிழவரைத் தெரிந்திருக்கும். ஓவர் முடிந்த இடைவெளியில் கேமரா மெதுவாக மேலே போகும். வானத்தை ஒட்டி, கறுப்பாக ஒரு உருவம். நீளமான தாடி, தோளில் அரிவாள். குனிந்து ஸ்டம்ப் மேலிருக்கும் பெயில்ஸை எடுத்துக்கொண்டிருப்பார். 'ஃபாதர் டைம்' என்று பெயர். லார்ட்ஸின் கிராண்ட் ஸ்டாண்டைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கர் 1926-ல் கொடுத்த பரிசு அது (புது தில்லி செயலகக் கட்டிடங்களை வடிவமைத்த அதே பேக்கர்தான்). 1940-ல், போர்க்காலத்தில் வானில் கட்டிவிட்டிருந்த பலூனின் கம்பி சிக்கி கிழவர் கீழே விழுந்தார். 2015 மார்ச்சில் அடித்த புயல் காற்றில் வளைந்து போனார். இரண்டு முறையும் சரி செய்து மேலே ஏற்றிவிட்டார்கள்.

பலர் அதைச் சிலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது காற்றுத்திசைகாட்டி. ஆங்கிலத்தில் வெதர் வேன். காற்று திரும்பினால் கிழவரும் திரும்புவார். காற்றை எதிர்த்து யார் பந்து போடுவது, காற்றோடு யார் போடுவது என்று கேப்டன்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு மைதானத்தில், அழகாகவும் இருந்து வேலையும் பார்க்கிற ஒரு பொருள் அது.

இப்போது அமெரிக்கப் பக்கம் வருவோம். அங்கே காற்றுத்திசைகாட்டி என்பது வீட்டு அலங்காரச் சாமான். கூரை உச்சிக்கு, கார் ஷெட்டுக்கு, தோட்டத்துக்கு என்று விதவிதமாக விற்கிறார்கள். 'எப்படித் தேர்ந்தெடுப்பது' என்று சொல்லித்தரும் அறிவுரைகளுக்கும் குறைவில்லை. அந்த அறிவுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் போகும்: மீன் பிடிக்கப் பிடிக்குமா, மீன் வாங்குங்கள். குதிரை பிடிக்குமா, குதிரை வாங்குங்கள். நாய் வளர்க்கிறீர்களா, அதே ஜாதி நாய் கிடைக்கும். கூரையின் நீளம் எத்தனை அடியோ அத்தனை அங்குலத்தில் உருவம் இருந்தால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். சுவர் நிறத்துக்குப் பொருத்தமாக செம்பா, கறுப்பா என்று முடிவு செய்யுங்கள். முடிந்தது.

காற்று எங்கே சார்?

புடவைக் கடையில் கேட்கிற கேள்விகள் எல்லாம் கேட்டாயிற்று. 'இது ஒழுங்காகத் திரும்புமா?' என்ற ஒரே ஒரு கேள்வியைத் தவிர. மணி காட்டாத கடிகாரத்தைச் சுவருக்குப் பொருத்தமான நிறம் என்று சொல்லி யாராவது விற்றால் சிரிப்பார்கள். காற்றைக் காட்டாத காற்றுத்திசைகாட்டியைப் பணம் கொடுத்து வாங்கி, ஏணி வைத்து ஏறி மாட்டுகிறார்கள்.

எப்படித்தான் வேலை செய்கிறது?

ரொம்ப சுலபம். நட்டுக்குத்தாக ஒரு கம்பி. அதன் மேல் தடையில்லாமல் சுற்றும் ஒரு உருவம். இரண்டே இரண்டு விதிகள்.

முதல் விதி: கம்பிக்கு இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். இரண்டாவது விதி: காற்று தள்ளுகிற பரப்பு சமமாக இருக்கவே கூடாது. வால் பக்கம் அகலமாக, கம்பியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தலைப் பக்கம் குறுகலாக, கனமாக இருக்க வேண்டும். காற்று வாலைத்தான் அதிகமாகத் தள்ளும். வால் பின்னால் போகும், தலை காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கும். அவ்வளவுதான் மேட்டர்.

எடை ஏன் சமமாக இருக்க வேண்டும்? எந்தக் கூரையிலும் கம்பி நூல் பிடித்த மாதிரி நேராக நிற்காது. கொஞ்சம் சாய்ந்திருக்கும். எடை ஒரு பக்கம் அதிகமாக இருந்தால், காற்று லேசாக இருக்கும்போதெல்லாம் கனமான பக்கம் பள்ளத்தைத் தேடிப் போய் நின்றுகொள்ளும். வருஷம் முழுக்க ஒரே திசையைக் காட்டும் காற்றுத்திசைகாட்டிகள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். அது காட்டுவது காற்றை அல்ல, கொத்தனாரின் வேலையை :-)

இப்போது அலங்காரக் கடைக்குப் போய்ப் பாருங்கள். உட்கார்ந்த பூனை, ஒரு மரம், ஒரு ஜோடி நடனமாடுகிறது, நடுவில் கம்பி. இடது பக்கம் எவ்வளவு பரப்போ வலது பக்கமும் அவ்வளவே. காற்று எந்தப் பக்கம் தள்ளும்? இரண்டு பக்கமும்தான். அப்படிப்பட்ட உருவம் காற்றுக்குக் குறுக்கே மார்பைக் காட்டிக்கொண்டு ஆடும், இல்லையென்றால் தலை எது வால் எது என்று தெரியாமல் தடுமாறும். உருவத்துக்குக் கீழே பெரிய வால் வைத்த அம்பு ஒன்று இருந்தால் பிழைக்கும். அந்த அம்பையும் 'நாஜூக்காக' மெலிசாக வெட்டியிருந்தால், பூனை பூனைதான், காற்றுத்திசைகாட்டி இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கொடி காற்று போகும் பக்கம் பறக்கும். விமான நிலையத்தில் தொங்கும் காற்றுப்பையும் அப்படியே. ஆனால் காற்றுத்திசைகாட்டியின் தலை காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே பார்க்கும். தமிழுக்கு இது புதிதே இல்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. வந்த இடத்தை வைத்துத்தான் காற்றுக்குப் பெயர். உலகம் முழுக்க வானிலைக்காரர்கள் சொல்வதும் அதே முறைதான். பக்கத்து ஊர்க்காரர் வீட்டுக்கு வந்தால் 'எந்த ஊர்?' என்றுதானே முதலில் கேட்கிறார்கள்?

சேவல் ஏன் சேவல்?

அலங்காரத்துக்கு எதிராக இவ்வளவு ஆவேசமா என்று கேட்கலாம். இல்லை. பழைய காற்றுத்திசைகாட்டிகளின் அழகே, உருவமும் வேலையும் ஒன்றாக இருந்ததில்தான் இருக்கிறது.

ஏதென்ஸ் நகரத்தில் 'காற்றுகளின் கோபுரம்' என்று ஒன்று 2000 வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது. ஆண்ட்ரோனிகஸ் என்பவர் கட்டியது. எட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காற்றுத் தேவன் செதுக்கப்பட்டிருக்கிறான். உச்சியில் டிரைட்டன் என்ற கடல் தெய்வத்தின் வெண்கல உருவம் கையில் கோலோடு சுற்றிக்கொண்டிருந்ததாக ரோமானியக் கட்டிடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். எந்தக் காற்று வீசுகிறதோ அந்தத் தேவனின் தலைக்கு மேல் கோல் வந்து நிற்கும். அலங்காரமா, கருவியா? பிரித்துச் சொல்லவே முடியாது.

ஐரோப்பாவில் சர்ச் கோபுரங்களில் சேவல் வந்ததற்குக் காரணம் மதம். சேவல் கூவும் முன் பேதுரு மூன்று முறை மறுதலித்த பைபிள் கதை. 9-ம் நூற்றாண்டில் போப் முதலாம் நிக்கோலஸ் எல்லா சர்ச்சிலும் சேவல் வைக்கச் சொன்னார் என்று மரபாகச் சொல்கிறார்கள். இத்தாலியின் பிரேஷியா நகரத்தில் அதே 9-ம் நூற்றாண்டுச் சேவல் ஒன்று இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு பேயோ சித்திரத் துணியில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் மேல் ஒரு ஆள் ஏறிச் சேவலைப் பொருத்துவதைத் தைத்திருக்கிறார்கள்.

ஆனால் மதம் கொண்டுவந்ததை நிலைக்க வைத்தது வால்! சேவலைப் பக்கவாட்டில் பாருங்கள். தலை சின்னது. வால் பெரிய விசிறி. கம்பியைக் காலுக்கு நேரே வைத்தால், காற்று பிடிக்கும் பரப்பு பின்னால்தான் அதிகம். காற்றுத்திசைகாட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பறவை. ஓடுகிற குதிரையும் அப்படித்தான், கம்பியை முன்னங்காலுக்குப் பக்கத்தில் வைத்தால் உடம்பு முழுக்க வாலாக வேலை செய்யும். மீனும் அப்படியே. பழைய தொழிலாளிகள் இந்த உருவங்களைத் திரும்பத் திரும்பச் செய்ததற்குக் கற்பனைப் பஞ்சம் காரணமில்லை. இவை சுற்றும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பாஸ்டன் நகரத்தில் ஃபேனியல் ஹால் என்ற பழைய மண்டபத்தின் மேல் ஒரு வெட்டுக்கிளி இருக்கிறது. ஷெம் ட்ரவுன் என்ற கைவினைஞர் 1742-ல் செம்பில் செய்து தங்க முலாம் பூசியது. கண்ணாடிக் கண்கள். 1755 நிலநடுக்கத்தில் கீழே விழுந்தது, மறுபடி ஏற்றினார்கள். 1974-ல் காணாமல் போய், கடைசியில் அதே கட்டிடத்தின் கூண்டில் பழைய கொடிகளுக்கு அடியில் கிடைத்தது. நீளமான உடம்பு, பின்னால் நீண்ட கால்கள். பார்க்கவும் வேடிக்கை, வேலைக்கும் கெட்டி. 'விதவிதமான உருவம் வேண்டும்' என்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வடக்கு எது?

சுற்றும் உருவத்துக்குக் கீழே நான்கு கைகள் இருக்கும், நான்கு திசைகளுக்கும் நான்கு எழுத்து. உருவம் சுற்றும், இந்தக் கைகள் சுற்றக் கூடாது. இவை சரியான திசையில் இல்லையென்றால் மேலே இருப்பது எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் பொய்தான். பல வீடுகளில் தெருவிலிருந்து பார்த்தால் எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று கைகளைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். தெருவுக்காக வடக்கை நகர்த்துகிறார்கள்!

காந்த ஊசியை வைத்துப் பொருத்தினாலும் போதாது. பாஸ்டன் பக்கத்தில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து சுமார் 14 டிகிரி மேற்கே தள்ளிக் காட்டும். இதற்குச் செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. அன்றைய சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் சரியாக நடு நேரத்தைக் கணக்குப் போட்டு, அந்த நிமிஷத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலின் நிழலைப் பாருங்கள். அந்த ஊர்களில் நிழல் நேராக வடக்கே விழும். ராத்திரி என்றால் துருவ நட்சத்திரம் இருக்கவே இருக்கிறது.

எழுத்திலும் கவனம் வேண்டும். ஜெர்மன் காற்றுத்திசைகாட்டியில் 'ஓ' என்ற எழுத்து கிழக்கு, ஏனென்றால் அவர்களுக்கு 'ஓஸ்ட்'. பிரெஞ்சில் அதே 'ஓ' மேற்கு, 'ஊவெஸ்ட்'. அழகாக இருக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து வாங்கி மாட்டினால், படிக்கத் தெரியாத விருந்தாளிக்குச் சூரியன் மேற்கே உதிக்கும்.

எங்கே வைப்பது?

காற்றை அளக்க உலக வானிலை அமைப்பு சொல்லும் உயரம், திறந்தவெளியில் 10 மீட்டர். சுற்றியிருக்கும் மரமோ கட்டிடமோ, அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால் இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் காரணம் வீட்டுக்கும் பொருந்தும். ஓடும் தண்ணீரில் பாறைக்குப் பின்னால் சுழல் வருவதைப் போல, சுவருக்கும் மரத்துக்கும் பின்னால் காற்று சுழன்றுகொண்டே இருக்கும்.

தோட்டத்துக்கென்று விற்கும் குச்சி மாதிரியான காற்றுத்திசைகாட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலடி உயரம். வேலியின் ஓரத்தில், ரோஜாச் செடிக்குப் பக்கத்தில், ஒரு மேப்பிள் மரத்தின் நிழலில் குத்தி வைக்கிறார்கள். அங்கே ஐன்ஸ்டைனே செய்து கொடுத்தாலும் அது பைத்தியம் பிடித்த மாதிரிதான் சுற்றும். குற்றம் பொருளின் மேல் இல்லை, இடத்தின் மேல். கூரை உச்சி சிறந்தது. தோட்டத்தில்தான் வேண்டும் என்றால் நடுவில், வெட்டவெளியில், உயரமான கம்பத்தில். அதற்கு இடமில்லாத தோட்டத்துக்கு ஒரு பறவைத் தொட்டி வாங்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூரையில் வைப்பவர்கள் இடியையும் நினைக்க வேண்டும். வீட்டில் இடிதாங்கி இருந்தால் காற்றுத்திசைகாட்டியையும் அதோடு இணைக்க வேண்டும், அதுவும் விஷயம் தெரிந்தவர் கையால். செம்புச் சேவல் கூரையில் நிற்பதாலேயே அது இடிதாங்கி ஆகிவிடாது.

"சும்மா அழகுக்குத்தானே?"

எதிர்த்தரப்பின் பெரிய வாதம் இது. காற்றின் திசை யாருக்கு வேண்டும், போனில் வானிலை பார்த்துக்கொள்கிறோம், கூரையில் ஒரு அழகுக்கு வைக்கிறோம், அதில் என்ன தப்பு?

இந்தத் தரப்புக்குச் சாட்சியாக ஜார்ஜ் வாஷிங்டனையே கூப்பிடலாம். 1787-ல் பிலடெல்ஃபியாவில் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தபோது, மவுண்ட் வெர்னானில் இருந்த தன் வீட்டின் உச்சிக்கு, வாயில் ஆலிவ் கிளை வைத்த ஒரு பறவை செய்யச் சொல்லி ஜோசப் ரேக்ஸ்ட்ரா என்ற தொழிலாளிக்கு எழுதினார். அது காற்றோடு திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை, அதனால் விரித்த சிறகோடு நிஜப் பறவை போலவே இருக்கலாம் என்றும் எழுதினார். ஆக, அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியே 'சும்மா அழகுக்கு' கட்சி!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த மாதம், அதைப் பொருத்த வேண்டிய தன் அண்ணன் தம்பி வழி மகனுக்கு அதே வாஷிங்டன் எழுதிய கடிதத்தில், திசைகளை மிகுந்த சிரமம் எடுத்துச் சரியாக வைக்கச் சொல்கிறார். இல்லையென்றால் அவை வழிகாட்டுவதற்குப் பதிலாக ஏமாற்றும் என்கிறார். நில அளவையாளராக வாழ்க்கையைத் தொடங்கிய மனுஷன் அல்லவா! பறவை அழகுக்குத்தான் என்று ஆரம்பித்தவருக்கும், கூரையில் திசை எழுத்து ஏறும்போது அது ஒரு வாக்குறுதி என்று புரிந்திருக்கிறது. தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்ப்பார், நம்புவார். நம்பிக்கைக்கு எதிரே பொய்யை நிறுத்துவது அலங்காரத்தில் சேராது. சுற்றாத பறவைதான் வேண்டுமா, தாராளமாக வையுங்கள். திசை எழுத்துகளைக் கழற்றிவிட்டு, சிலை என்று சொல்லி வையுங்கள்.

அடுத்தது போன். போன் சொல்லும் காற்று பெரும்பாலும் பக்கத்து விமான நிலையத்தில் அளந்தது, அல்லது கணினி மாதிரி ஒன்று பல கிலோமீட்டர் கட்டத்துக்குப் போட்ட கணக்கு. கூரை மேல் இருப்பது அந்தக் கூரையின் காற்றைச் சொல்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் நாளைய வானத்தையும் கொஞ்சம் சொல்கிறது.

1857-ல் டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட் ஒரு விதி சொன்னார். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், காற்றழுத்தத் தாழ்வு இடது கைப் பக்கம் இருக்கும். நியூ இங்கிலாந்தில் ஒரு குளிர்கால நாளை நினைத்துப் பாருங்கள். சேவல் கிழக்கே பார்க்கிறது. பிறகு வடகிழக்கு, வடக்கு, வடமேற்கு என்று மெல்லத் திரும்பினால், புயல் தெற்கே கடல் வழியாகக் கடந்து போகிறது. பனி கொட்டும் பக்கம் அது. அதே சேவல் கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு என்று திரும்பினால், புயல் வடக்கே போகிறது. காலண்டரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

அந்த ஊர்க்காரர்கள் புயலுக்கு வைத்த பெயரே 'நார்ஈஸ்டர்', வடகிழக்கான். 1743 அக்டோபர் 21 ராத்திரி சந்திர கிரகணம். பிலடெல்ஃபியாவில் காத்திருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு வடகிழக்குப் புயல் வந்து வானத்தை மூடிவிட்டது. காற்று வடகிழக்கிலிருந்து வருகிறதே, அப்படியென்றால் வடகிழக்கில் இருக்கும் பாஸ்டனை இன்னும் முன்னாலேயே மூடியிருக்கும் என்று நினைத்தார். பாஸ்டனில் இருந்த சகோதரரிடமிருந்து வந்த பதில் அவரை ஆச்சரியப்படுத்தியது. அங்கே கிரகணம் நன்றாகத் தெரிந்ததாம், புயல் அதற்குப் பிறகுதான் வந்ததாம். காற்று ஒரு பக்கமிருந்து வீச, புயல் எதிர்ப்பக்கமிருந்து நகர்ந்து வருகிறது! வானிலை அறிவியலின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு மனிதர் கவனித்ததில் பிறந்தது. ட்ரவுனின் வெட்டுக்கிளி அப்போது பாஸ்டனில் ஏறி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

'யாருக்கு வேண்டும்' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். கவனிக்கிறவர்களுக்கு வேண்டும். அந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு வேண்டும். பொய் சொல்லும் சேவலைப் பார்த்து வளரும் குழந்தை அண்ணாந்து பார்ப்பதையே ஒருநாள் விட்டுவிடும்.

ஏலம் எடுப்பவர்கள்

அலங்காரக் கட்சிக்குப் பணக்காரக் கிளை ஒன்று உண்டு. 19-ம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் ஜூவெல், அவருக்குப் பின் குஷிங் போன்றவர்கள் செம்புத் தகட்டை இரும்பு அச்சில் தட்டி, இரண்டு பாதியாக எடுத்து, ஒட்டிப் பற்றவைத்து, குதிரையும் சேவலுமாக விற்றார்கள். விவசாயிகளின் கொட்டகைக்காகச் செய்த சாமான் அது. இன்று அவை 'நாட்டுப்புறக் கலை'. 2006 அக்டோபரில் செவ்விந்தியத் தலைவர் உருவம் கொண்ட ஒரு காற்றுத்திசைகாட்டி நியூயார்க் ஏலத்தில் சுமார் 58 லட்சம் டாலருக்குப் போனது. கொட்டகை மேலிருந்து திருடு போனவையும் ஏராளம். ஹெலிகாப்டரில் வந்து தூக்கிப் போனதாகக்கூடக் கதை சொல்கிறார்கள்.

வாங்கியவர் அதை எங்கே வைக்கிறார்? வரவேற்பறையில், விளக்குக்குக் கீழே, ஒரு மேடையில். நூறு வருஷம் காற்றோடு பேசிக்கொண்டிருந்த குதிரை இப்போது சோபாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. போதாக்குறைக்கு அந்த விலைக்கு ஆசைப்பட்டுப் போலிகள். புதுச் செம்பில் ரசாயனம் தடவிப் பச்சை ஏற்றுவது, பழையதில் வேட்டைக்காரர்கள் குறிபார்த்துச் சுட்ட ஓட்டை இருக்கும் என்பதால் புதியதில் தாங்களே சுடுவது...

நியாயமாகப் பேசினால், மிகப் பழையவற்றைக் காப்பாற்ற உள்ளே வைக்கத்தான் வேண்டும். அதற்கும் வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வாஷிங்டனின் பறவை பத்திரமாக உள்ளே இருக்கிறது, அதன் நகல் கூரையில் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்கிறது. வேலை நிற்கவில்லை.

அப்போ எதை வாங்குவது?

1. கடையிலேயே கம்பியைப் படுக்கை வசமாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தொங்கினால் எடை சமமில்லை. வைத்துவிட்டு வாருங்கள்.

2. நேராக நிறுத்தி, டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். தலை ஃபேனைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். குறுக்கே நின்றால் அது பொம்மை.

3. சுற்றும் இடத்தைப் பாருங்கள். குழாய்க்குள் ஒரு குண்டின் மேல் சுற்றுவது நல்லது. இரும்பின் மேல் இரும்பு உரசினால் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து நின்றுவிடும்.

4. செம்பு விலை அதிகம், ஆனால் நீடிக்கும். பச்சை பிடிப்பதைப் பார்த்துப் பயந்து தேய்க்க வேண்டாம், அந்தப் பச்சை உள்ளே இருக்கும் செம்பைக் காக்கும் போர்வை. 1886-ல் நின்றபோது செம்பு நிறத்தில் இருந்த சுதந்திர தேவி சிலை முழுக்கப் பச்சையாகப் பல வருஷம் ஆனது. கடையிலேயே பச்சை அடித்துத் தருவதை வாங்கி அந்த வருஷங்களைத் திருட வேண்டாம். கையில் காசு குறைவா? நன்றாகச் சமன் செய்த அலுமினியச் சேவல், சுற்றாத செம்புக் குதிரையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

5. உருவம் உங்கள் விருப்பம். மீனோ குதிரையோ டிராகனோ, எதுவானாலும் வால் பெரிதாக இருக்கட்டும்.

6. வாங்குவதற்கு முன்பே வடக்கைக் கண்டுபிடித்து வையுங்கள். எழுத்துகள் வடக்கைப் பார்க்கட்டும், தெருவை அல்ல.

இந்த ஆறில் ஒன்றுக்குக்கூடச் சுவரின் நிறம் தெரிய வேண்டியதில்லை. இதையெல்லாம் பார்த்து வாங்கியது அழகாக இருக்காது என்று யாராவது சொன்னால், காற்று மாறும் ஒரு சாயங்காலம் ஒழுங்காகச் செய்த ஒரு சேவலுக்குக் கீழே அவர்களை நிற்க வைக்க வேண்டும். முதலில் லேசாகத் தயங்கும். இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம். பிறகு வால் காற்றைப் பிடித்ததும், மொத்த உருவமும் அவசரமே இல்லாமல் சுற்றி வந்து, வரப்போகும் வானத்தை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். எந்தப் பெயிண்டாலும், எந்த முலாமாலும் அந்த அழகைக் கொடுக்க முடியாது. காற்றுதான் கொடுக்க வேண்டும்.